மாடியில் சும்மா நிற்கும் டிவி ஆன்டெனா: காயலான் கடைக்குப் போடலாமா?

2025 மார்ச் 8. ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் மொட்டைமாடியில் அப்பா காலத்து டிவி ஆன்டெனா இருபது வருடமாகச் சும்மா நிற்கிறது. காக்கா உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை. காயலான் கடைக்காரர் போகும்போதும் வரும்போதும் கேட்கிறார். போட்டுவிடலாமா, இல்லை வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள உதவுமா?

மார்ச் 9

போடாதீர்கள். எடை போட்டால் இரண்டு கிலோ அலுமினியம் தேறும், அவ்வளவுதான். அதே குழாயைப் புதிதாக வாங்கப் போனால் மீட்டர் கணக்கில் காசு கேட்பார்கள். எஃப்எம் ரேடியோவுக்கு ஆன்டெனாவாக மாற்றலாம், ஒரு மத்தியான வேலை. என் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. செய்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 9, இரவு

காலையில் எழுதியதில் முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். இறக்கும்போது தனியாக இறக்காதீர்கள். கம்பத்தோடு சேர்த்துச் சாய்க்கவே சாய்க்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் அப்படித்தான் சாய்த்தார்கள். இருபது அடி ஜிஐ பைப், தலையில் ஆன்டெனா, கீழே இரண்டு பேர். தலை கனம் அதிகம் என்பது பாதி சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. பைப் சுழன்று தெரு மின்கம்பிக்கு ஒரு முழம் இடைவெளியில் போய் நின்றது. கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி ஒன்று அறுபடாமல் பிடித்துக்கொண்டதால் இன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஏணி போட்டு ஏறி, யூ கிளாம்பைக் கழற்றி, ஆன்டெனாவை மட்டும் முதலில் இறக்குங்கள். கம்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் மின்கம்பி போனால் நீங்களே செய்யவே வேண்டாம்.

மார்ச் 15

ஒரு மத்தியான வேலை என்று எழுதியவன் நான்தான். ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்னும் போல்ட்டே கழலவில்லை.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். உப்பளக் காற்று. அலுமினியக் குழாய்மேல் வெள்ளையாக மாவு பூத்தது போல இருக்கிறது, ஆனால் துணியால் தேய்த்தால் உள்ளே நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போனது இரும்பு போல்ட்தான். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரமும் சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவே பேட்டரி மாதிரி ஒரு வேலை நடக்கும். இரண்டும் ஒன்றோடு ஒன்று இறுகிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். ஸ்பேனரால் போல்ட்டின் தலை மழுங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஹாக்ஸா பிளேடு. ஒரு போல்ட்டுக்குப் பத்து நிமிடம்.

இந்த ஆன்டெனாவை அப்பா 1985இல் நட்டது ரூபவாஹினிக்காக. இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியது. எங்கள் கடற்கரைக்கு அப்போது தூர்தர்ஷனைவிட அதுதான் தெளிவு. அதனால் இங்கே பழைய வீடுகளில் ஆன்டெனா எல்லாம் தென்கிழக்கைப் பார்த்தபடி நிற்கும். 1990இல் சண்டையில் அக்கரையில் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் போன பிறகு அந்தத் தெளிவும் போனது. மாடியில் நின்று "வருதா, வருதா" என்று கத்திய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா வந்தபோது கம்பம் நடுவில் மடங்கியது. ஆன்டெனா தண்ணீர்த் தொட்டிமேல் படுத்துக்கொண்டது. தொட்டி உடைந்தது, ஆன்டெனாவில் ஒரே ஒரு குச்சிதான் வளைந்தது. அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. பேட்டரி ரேடியோ ஒன்றுதான் துணை. எனக்கு எஃப்எம் ஆன்டெனா ஆசை வந்தது அப்போதுதான். ஆறு வருடம் கழித்துக் கை வைக்கிறேன்.

ஆன்டெனாவின் இணைப்பு டப்பாவைத் திறந்தால், ஒயர் பூட்டும் இடத்தில் அப்பா சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றியிருக்கிறார். மேலே ஒரு முடிச்சு, அதற்கு மேலே மெழுகு. நாற்பது வருடம் வெயிலும் மழையும் பட்டும் உள்ளே செம்பு பளபளவென்று இருக்கிறது. குழாய்க்குள் இருந்ததெல்லாம் குளவிக் கூடு.

மார்ச் 16

அளந்து பார்த்தேன். நேற்றுவரை பேசியதெல்லாம் வீண்.

பின்னால் நிற்கும் நீளமான குச்சி 84 செ.மீ. முன்னால் உள்ளவை 70, 72. எஃப்எம் ஆன்டெனாவுக்கு ஒரு குச்சி சுமார் 1.45 மீட்டர் வேண்டும். குச்சியின் நீளம் அலை நீளத்தில் பாதி. 150ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும், அதில் ஒரு ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 1.5 மீட்டர். 200 மெகாஹெர்ட்ஸுக்கு 75 செ.மீ. என் வீட்டில் இருப்பது இரண்டாவது வகை. ரூபவாஹினி வந்தது 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள, பேண்ட் மூன்று என்கிற டிவி அலைவரிசையில்.

கேள்வி கேட்டவரே, டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். குச்சி இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் அது பேண்ட் ஒன்று, 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். அதை வெட்டி எஃப்எம்முக்குக் கொண்டுவரலாம். ஒரு மீட்டருக்கும் குறைவு என்றால் என் கதைதான். குழாயை வெட்டலாம், வளர்க்க முடியாது.

மார்ச் 16, சாயங்காலம்

தனிச்செய்தியில் வந்த இரண்டு சந்தேகங்கள். "டிஜிட்டல் டிவி இலவசமாக வருமா?" வராது. தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைச் சில நகரங்களில் மட்டும்தான் தொடங்கியது, அதுவும் இதைவிட உயர்ந்த யூஎச்எஃப் அலைவரிசையில். பழைய நீளக் குச்சி அதற்கு ஆகாது. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் ஐம்பது போக மற்றதையெல்லாம் 2022 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள்.

"செல்போன் சிக்னலைக் கூட்டுமா?" கூட்டாது. அனுமதி இல்லாமல் செல்போன் பூஸ்டர் வைப்பது குற்றமும்கூட. ஆன்டெனாவோடு வந்த பழைய டிவி பூஸ்டரையும் எதிலும் மாட்டாதீர்கள். அதற்குக் கேபிள் வழியாகவே கரண்ட் போகும். மாற்றி மாட்டினால் ரேடியோ புகையும்.

மார்ச் 30

காயலான் கடைக்குப் போடாதே என்று உபதேசம் செய்தவன் காயலான் கடைக்கே போய் வாங்கி வந்தேன். சின்ன வயதில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது பழமும் இல்லை, கூவலும் இல்லை, தராசு மட்டும் டிஜிட்டல். மூலையில் மூன்று குச்சிப் பெரிய ஆன்டெனா ஒன்று கிடந்தது. "எதுக்கு சார் இது, இப்ப டிஷ்தானே?" என்று கேட்டுக்கொண்டே நிறுத்தார். 400 ரூபாய். நான் போட்டிருந்தால் என்ன தந்திருப்பார் என்று கேட்கவில்லை.

வெட்டிய அளவு: பின் குச்சி 1.52 மீட்டர், ஒயர் பூட்டும் நடுக் குச்சி (டைபோல்) 1.42, முன் குச்சி 1.33. ஒவ்வொன்றுக்கும் இடையே 60 செ.மீ.

நடு டைபோல்தான் வம்பு. அது நீண்ட வளையமாக வளைந்த ஒரே குழாய், ஃபோல்டட் டைபோல். முனையில் வெட்டினால் வளைவு போய்விடும். அதனால் மேல் பக்கக் குழாயின் நடுவில் 73 செ.மீ. வெட்டி எடுத்தேன். கீழே ஒயர் பூட்டும் இரண்டு முனையிலும் அதில் பாதி பாதி. அப்புறம் மேல் குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகி இரண்டு திருகாணி. வளைவு தப்பித்தது.

ஆன்டெனாவின் ஓம் அளவும் கேபிளின் ஓம் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஃபோல்டட் டைபோலுக்கு 300 ஓம். அந்தக் காலத்துப் பட்டை ஒயரும் 300 ஓம், அதனால் நேரே பூட்டினார்கள். இப்போது கிடைக்கும் வட்டக் கேபிள் 75 ஓம். இரண்டையும் பொருத்தி வைக்க நடுவில் பேலன் என்று ஒரு இணைப்பு வேண்டும். கேபிளிலேயே ஒரு துண்டை வளையமாக மடக்கிப் பூட்டினால் போதும். அரை அலை நீளம் 1.53 மீட்டர், கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் 0.66ஆல் பெருக்கு, 1.01 மீட்டர். வெட்டினேன், பூட்டினேன்.

வீட்டுக்குள் ரேடியோவின் கம்பியை நீட்டி வைத்தபோது என்ன வந்ததோ அதுதான் இப்போதும் வருகிறது. அம்மா கீழேயிருந்து, "இதுக்கா ஒரு மாசம்?"

ஏப்ரல் 2

0.66 தப்பு. அது உள்ளே கெட்டி பிளாஸ்டிக் உள்ள கேபிளுக்கு. என்னிடம் இருந்தது டிடிஹெச் வேலையில் மிஞ்சிய கேபிள். வெட்டிப் பார்த்தால் நடுவே வெள்ளை நுரை. அதற்கு 0.82, சில கேபிளில் இன்னும் கொஞ்சம் கூட. அப்படியானால் 1.25 மீட்டர். கால் மீட்டர் குறைத்துவிட்டேன். வெட்டியதை வளர்க்க முடியாது என்று நானே எழுதி மூன்று வாரம் ஆகவில்லை.

இன்னொன்று. அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. முயன்று பார்க்க வேண்டாம், நான் பார்த்தேன். வெள்ளீயம் பூசிய வளைய லக்கில் (ஒயர் முனைக்கு மாட்டும் உலோக வளையம்) கேபிளைப் பற்றவைத்து, லக்கைத் திருகாணியால் குழாயோடு இறுக்க வேண்டும். செம்பு நேராக அலுமினியத்தில் படக் கூடாது. மேலே வாசலின், அதன்மேல் சைக்கிள் டியூப். அப்பாவின் முடிச்சை நான்கு முறை போட்டுப் பார்த்தேன், வரவில்லை. பிளாஸ்டிக் டை போட்டேன்.

ஏப்ரல் 20

வருகிறது. இப்போது நிஜமாகவே வருகிறது.

இரைச்சலோடு கேட்ட திருச்சி சுத்தமாகக் கேட்கிறது. என் ஆசை கொடைக்கானல் 100.5. அது வரவில்லை. பக்கத்திலேயே 100.3இல் காரைக்கால் உட்கார்ந்திருக்கிறது. அது கிட்டத்து நிலையம், கொடைக்கானல் மலை எங்கோ மேற்கே. மூன்று குச்சி ஆன்டெனா பக்கவாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும், முழுதாக அடக்காது. கம்பத்தை விரல் கடை விரல் கடையாகத் திருப்பி, ஒரு இடத்தில் காரைக்காலின் அடியில் நாதஸ்வரம் மாதிரி ஏதோ கேட்டது. அது கொடைக்கானலா, என் ஆசையா தெரியாது.

எதிர்பாராதது வேறு. தென்கிழக்கே திருப்பி வைத்துவிட்டு, விடிகாலை ஐந்தரைக்குக் கடல் அசையாமல் கிடக்கும் நாளில் ரேடியோவைத் திறந்தால் அக்கரைத் தமிழ் வரிசையாக வருகிறது. சூரியன், சக்தி, தென்றல். கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றால் அலை அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து வளைந்து தூரம் போகும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக அமுங்கிவிடும், எட்டு மணிக்கு வெறும் இரைச்சல். அம்மா இப்போது அந்த நேரத்துக்குக் காபியோடு மாடிக்கு வருகிறார். ஒரு மாதத்தைப் பற்றிப் பேச்சில்லை.

ஏப்ரல் 21

யோசித்துப் பார்த்தால் ஃபோல்டட் டைபோலோடு மல்லுக்கட்டியிருக்கவே வேண்டாம். நேர்க்குழாய் இரண்டை 71 செ.மீ. வெட்டி, நடுவே பிளாஸ்டிக் துண்டு வைத்து, 75 ஓம் கேபிளை நேரே பூட்டி, கேபிளை ஆறு சுற்றுச் சுருட்டிக் கட்டியிருந்தால் கேட்பதற்குப் போதும். பேலன் கணக்கும் இல்லை. செய்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். நான் கலைக்கப் போவதில்லை.

மே 11

வீட்டுச் சின்ன ஆன்டெனாவுக்கும் வேலை கிடைத்தது. அமெரிக்காவின் நோவா வானிலை செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸில் படத்தை ஒலியாகவே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. காசு கிடையாது, பூட்டு கிடையாது. 84 செ.மீ. குச்சியிலிருந்து ஒன்று, 72இலிருந்து ஒன்று, இரண்டையும் 53.4 செ.மீ. வெட்டி, நடுவே 120 டிகிரி விரித்து 'வி' மாதிரி படுக்கையாக வைத்தேன். திறந்த வாய் வடக்கு தெற்காக இருக்க வேண்டும், ஏனென்றால் அவை துருவத்துக்குத் துருவம் போகின்றன. கணினியில் சொருகும் சின்ன ஆர்டிஎல் ரிசீவர் போதும்.

நோவா 19 தலைக்கு மேல் போனது பத்துப் பன்னிரண்டு நிமிடம். டிக்டக் டிக்டக் என்று ஒரு சத்தம், நொடிக்கு இரண்டு வரி, திரையில் படம் மேலிருந்து கீழே நெய்துகொண்டே வந்தது. இலங்கை முழுசாக. அதற்கு மேலே நம் கரை திரும்பும் முனை, கோடியக்கரை. நான்கு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளிதான், என் வீடு தெரியாது. ஆனாலும் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஜூன் 8

நோவா 18ஐ 6ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். நான் கை வைத்த நேரம்.

மிச்சம் நான்கு குச்சி இருக்கிறது. காற்றில் ஆடும் மணி செய்யலாம் என்று ஆரம்பித்தேன். மோகனத்தில். ஐந்து சுரம்தான், எப்படி மாறி மாறி அடித்தாலும் காதுக்கு உறுத்தாது. கீழ் ஸட்ஜம் 32 செ.மீ., மேல் ஸட்ஜம் அதில் பாதி 16.

ஜூன் 15

பாதி என்பது தந்திக்கு. குழாய்க்கு இல்லை. தொங்கும் குழாயைப் பாதியாக்கினால் சுருதி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஏறும். 16 செ.மீ. குழாய் கீச்சென்று இரண்டு ஸ்தாயி மேலே நிற்கிறது. ஒரு குச்சி போச்சு.

சரியான அளவு: ஸ 32, ரி 30.2, க 28.6, ப 26.1, த 24.8, மேல் ஸ 22.6. நீளத்தை சுருதி விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தது. எல்லாம் ஒரே கனமுள்ள குழாயாக இருக்க வேண்டும். நசுக்கிய முனைகளை வெட்டிவிடுங்கள். நடுவே போல்ட் போட்டிருந்த துளையும் துண்டுக்குள் வரக் கூடாது. 70 செ.மீ. குச்சியில் துளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தேறும்.

தொங்கவிடத் துளை போடும் இடம் முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதம். 32க்கு 7.2 செ.மீ. அந்த இடம் அதிர்வதில்லை, அதனால் கயிறு சத்தத்தைத் தின்னாது. நான் முதலில் முனையிலேயே துளைத்தேன், தகரத்தைத் தட்டியது மாதிரி டப் என்றது. கயிற்றுக்குத் தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு), அடிப்பதற்குக் கொட்டாங்குச்சியை வட்டமாக இழைத்தது.

பாட்டுக் கற்றுக்கொள்ளும் அக்கா மகள் வந்து கேட்டுவிட்டு, "மாமா, தைவதம் இறங்கியிருக்கு" என்றாள். ஒரு மில்லிமீட்டர் அரம் போட்டதும் ஏறியது. ஏறிவிட்டால் இறக்க வழி இல்லை என்பதால் எதையும் கொஞ்சம் நீளமாகவே வெட்டி அரத்தால் கொண்டுவாருங்கள்.

ஜூன் 29

சிலர் அனுப்பிய யோசனைகள். அவரைப் பந்தலுக்கு நடுத்தண்டு: நல்லது, என் வீட்டிலும் அதற்குத்தான் போயிருக்கிறது. துணி காயப்போடக் கொடி கட்ட: சரி. முருங்கை பறிக்கத் தொரட்டி: வேண்டவே வேண்டாம். மரத்துக்கு நடுவே மின்கம்பி போவது கீழே நிற்பவருக்குத் தெரியாது, அலுமினியம் மரக்கம்பு இல்லை. தொரட்டிக்கு மூங்கில்தான்.

மணியைப் பற்றி ஒரு குறை. எங்கள் ஊர்க் காற்றுக்கு அது ராத்திரி முழுக்க மோகனம் பாடுகிறது. எதிர்வீட்டு அக்கா நான்காம் நாள், "தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தார். சாயங்காலமே கொட்டாங்குச்சியை அவிழ்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

மே 11இல் எழுதியதைப் பார்த்து யாரும் கடைக்குப் போய்விட வேண்டாம். நோவா 19 ஆகஸ்ட் 13இலும் நோவா 15 ஆகஸ்ட் 19இலும் நிறுத்தப்பட்டன. நோவா 15ஐ ஏவியது 1998இல். என் 'வி' ஆன்டெனா மூன்று மாதம் வேலை பார்த்தது.

குச்சியை வெட்ட வேண்டாம், அதே அளவு போதும். ரஷ்யாவின் மீட்டியோர் எம் வகை செயற்கைக்கோள்கள் அதே 137 வட்டாரத்தில்தான் படம் அனுப்புகின்றன. டிஜிட்டல் என்பதால் டிக்டக் இல்லை, சீறல் மட்டும். ஆனால் படம் கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. உப்பளம் வெள்ளையாகத் தெரிகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800இல் அவ்வப்போது பேசுவதும் இதே ஆன்டெனாவில் கேட்கும். கேட்க மட்டும். திருப்பி அனுப்ப அமெச்சூர் உரிமம் வேண்டும்.

அக்டோபர் 5

மழைக்கு முன் வேலை: எஃப்எம் ஆன்டெனாவின் கிளாம்ப் எல்லாம் ஒரு சுற்று இறுக்கி, ஸ்டே கம்பி நான்கும் மாற்றி, போல்ட்டுக்குக் கிரீஸ். இந்த முறை துருப்பிடிக்காத எஃகு போல்ட். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேகம் கருக்கும்போதே, இடி கேட்பதற்கு முன்பே, கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவது.

கேள்வி கேட்டவர் ஏழு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். மார்ச் 8 சாயங்காலமே போட்டுவிட்டாராம், பதிலுக்குக் காத்திருக்கவில்லையாம். குச்சி எத்தனை நீளம் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டிய போட்டோ அனுப்பியிருக்கிறார். இரண்டு மீட்டருக்குக் குறையாது, பேண்ட் ஒன்று.

கம்பத்தையாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன்.